தெருவில் பார்த்ததை மட்டும் சொன்னவள்

செல்லத்தாயின் மகள் காலையில் போன் செய்தபோது நான் மார்க்கெட்டில் நின்றிருந்தேன். "அம்மா போயிட்டாக அத்தை. நெஞ்சு கரிக்குதுன்னு உக்காந்தவுக எந்திரிக்கல" என்றாள். வாங்கிய காய்களைக் கடையிலேயே விட்டுவிட்டு நாரணாபுரத்துக்குப் பஸ் ஏறினேன். அவள் வேலை பார்த்த அச்சகத்திலிருந்து நீங்கள் நிறையப் பேர் வந்திருந்தீர்கள். காலண்டர் சீசனில் அவள் எப்படி ஓடியாடுவாள் என்று பேசிக்கொண்டிருந்தீர்கள். அதற்கு முந்தைய செல்லத்தாயை உங்களில் பலருக்குத் தெரியாது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய சில ஆண்டுகள், விருதுநகரில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் நானும் அவளும் உதவியாளர்கள். பட்டாசுக் கம்பெனிகளுக்காக ஆஜராகும் அலுவலகம் அது. விபத்தில் அடிபட்டவரோ இறந்தவரின் குடும்பமோ நஷ்டஈடு கேட்டு மனுப்போட்டால், எங்கள் சார் எதிர்த்து வாதாடுவார். எதிருரை டைப் அடிப்பதும் டாக்டர் சான்றிதழ்களைச் சேர்ப்பதும் வாய்தா நாட்களைக் குறிப்பதும் எங்கள் வேலை. வெடி விபத்து அதிகம் நடக்கிற வெயில் காலத்தில் மத்தியானம் போன் அடித்தால் செல்லத்தாய்க்கு முகம் வெளுத்துவிடும். "நீ எடு" என்பாள். அவள் தெருவில் வீட்டுக்கு ஒருவர் பட்டாசு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். நான் பேசிவிட்டு, வேறு சமாச்சாரம் என்று தலையாட்டும்வரை அவள் விரல்கள் டைப்ரைட்டர் மேல் அசையாமல் கிடக்கும்.

ஒருநாள் நான் கோர்ட்டுக்குப் போயிருந்த நேரத்தில் அவளே போனை எடுக்க வேண்டியதாயிற்று. நான் திரும்பியபோது ரிசீவரைக் கீழே வைக்காமல் நின்றாள். எம். புதுப்பட்டியில் எங்கள் கட்சிக்காரரின் கம்பெனியில் வெடிமருந்து கலக்கும் அறை வெடித்திருந்தது. பேசியவர் அந்தக் கம்பெனி மேனேஜர்.

"மாரியம்மா போயிட்டா. எங்க பக்கத்து வீட்டுப் பிள்ள."

"மேனேஜர் வேற என்ன சொன்னாரு?"

"அது சாருக்குச் சொன்ன சேதி" என்றாள். அதற்குமேல் என்னிடம்கூட வாய் திறக்கவில்லை.

சில மாதங்களில் மாரியம்மாளின் கணவர் மனுப்போட்டார். சார் எழுதிக் கொடுத்த எதிருரையைச் செல்லத்தாய் அடிக்கத் தொடங்கினாள். 'மேற்படி மாரியம்மாள் எங்கள் நிறுவனத்தில் ஒருபோதும் வேலை செய்தவர் அல்ல' என்ற வரியில் டைப்ரைட்டர் சத்தம் நின்றது. எழுந்து சாரின் அறைக்குள் போனாள். நானும் அறை வாசல்வரை போனேன்.

"சார், அவ தெனமும் கம்பெனி வேன்ல ஏறுனத நாங் கண்ணால பாத்திருக்கேன். இத என்னால அடிக்க முடியாது."

"கட்சிக்காரர் சொல்றத நாம தாக்கல் பண்றோம்மா. நெசமா பொய்யான்னு விசாரிக்கிற தொழிலாளர் ஆணையர் பாத்துக்கிடுவாரு."

"அப்ப நா நின்னுக்கிடுறேன் சார்."

சார் கோபப்படவில்லை. யோசித்துச் சொல் என்றார். அவள் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு அன்றே கிளம்பிவிட்டாள்.

வேனில் கூடப்போன பெண்கள் வேலை போய்விடும் என்று பயந்து சாட்சி சொல்ல மறுத்தார்கள். செல்லத்தாய் ஒப்புக்கொண்டாள். அவள் கணவர் அந்தக் கம்பெனிக்குத்தான் லோடு ஓட்டிக்கொண்டிருந்தார். "நம்ம வண்டிய நிப்பாட்டிருவாக" என்று அவர் தலையில் அடித்துக்கொண்டாராம். எனக்கோ வேறு பயம். மாரியம்மாள் செத்ததை மேனேஜரே சொன்ன அந்த போன் பேச்சை அவள் விசாரணையில் சொல்லிவிட்டால், எங்களை நம்பிப் பேசியவரைக் காட்டிக்கொடுத்தவள் என்றாகிவிடும். சொல்லாமல் விட்டாலோ, மாரியம்மாள் செத்த பிறகும் யாருக்கும் வேலை செய்யாதவளாகவே போய்விடுவாள்.

விசாரணை மதுரையில். கோப்பைத் தூக்கிக்கொண்டு சாரின் பின்னால் போனேன். செல்லத்தாய் எதிர்ப்பக்கம் நின்றாள். முந்தானை நுனியைப் பிடித்திருந்த கை வெடவெடத்தது. வேன் வரும் நேரம், மாரியம்மாள் ஏறும் இடம், சாயங்காலம் கையெல்லாம் அலுமினியப் பொடியோடு இறங்கி வருவது எல்லாவற்றையும் சொன்னாள். அப்போது மனுதாரரின் வக்கீல் திடீரென்று, "நீங்க எதிர்த்தரப்பு ஆபீஸ்ல இருந்தவுகதானே? விபத்தன்னைக்கு அங்க என்ன கேட்டீக?" என்றார்.

சார் பாய்ந்து எழுந்தார். அவர் ஆட்சேபிப்பதற்குள் செல்லத்தாயே சொல்லிவிட்டாள்:

"அங்கன கேட்டது அங்கனயே இருக்கட்டும்யா. நா எங்க தெருவுல பாத்தத மட்டுந்தான் சொல்ல வந்தேன்."

குறுக்கு விசாரணையில் சார் அவளை விட்டுவைக்கவில்லை. வேலையை விட்ட ஆத்திரத்தில் பொய் சொல்வதாகத் திரும்பத் திரும்பக் கேட்டார். அவளுக்குக் கண்ணீர் வந்தது, பேச்சு மாறவில்லை. வெளியே வந்ததும் சார் அவளருகே நின்று, "ஊருக்கு எப்படிப் போற?" என்றார். "இவகூடப் போய்க்கிடுறேன் சார்" என்று என் கையைப் பிடித்தாள். அவள் உள்ளங்கை சில்லிட்டிருந்தது.

பஸ்ஸில், "சார் ஒன்னைய அம்புட்டுப் பேச்சு பேசிட்டாரே" என்றேன். "அவுக வேலைய அவுக பாத்தாக" என்றாள்.

ஆணையர் அவள் சாட்சியத்தை ஏற்றுக்கொண்டார். மாரியம்மாள் அந்தக் கம்பெனித் தொழிலாளிதான் என்று தீர்ப்பாயிற்று, குடும்பத்துக்கு நஷ்டஈடும் கிடைத்தது. செல்லத்தாயின் கணவருக்கு அந்தக் கம்பெனியில் மறுபடி லோடு கிடைக்கவேயில்லை. பிறகுதான் அவள் உங்கள் அச்சகத்துக்கு வந்தாள்.

ரொம்ப நாள் கழித்து, அன்றைக்குப் பயமில்லையா என்று கேட்டேன். "ஏன் இல்ல? மூத்திரம் முட்டிக்கிட்டு நின்னுச்சு. பயந்துக்கிட்டே சொன்னாலும் சொன்னது சொன்னதுதான?" என்று சிரித்தாள்.

நான் இன்னும் வக்கீல் அலுவலகத்தில்தான் இருக்கிறேன். எதிர்த்தரப்பு ஆட்கள் எங்கள் பெஞ்சில் வந்து உட்காரும்போதும், அடிக்க வேண்டிய ஒரு வரி தொண்டையில் முள்ளாகச் சிக்கும்போதும், எனக்குக் கை நடுங்குகிறது. முன்பெல்லாம் அதை மறைத்துக்கொள்வேன். இப்போது நடுங்கட்டும் என்று விட்டுவிட்டு, இது நிஜந்தானா என்று சாரிடம் கேட்டுவிடுகிறேன். செல்லத்தாயிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது அந்த நடுக்கத்தைத்தான்.