கரண்ட் எங்கே போச்சு?

கரண்ட் போனால் ஊரே திட்டும். போன இடத்தைத் தேடுவதுதான் எங்கள் பிழைப்பு. திட்டு வாங்கியே பழகிய சகோதர சகோதரிகளே, என் கதையையும் கேளுங்கள்.

மின்கம்பியில் பழுது வந்ததும், அது சப்ஸ்டேஷனிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணக்குப் போட்டுச் சொல்லும் மென்பொருளை அரியலூர், பெரம்பலூர் பக்கம் நிறுவ வந்தவள் நான். "மாசம் முடியறதுக்குள்ள ஒரு தடவையாவது இடத்தைச் சரியாக் காட்டணும். இல்லன்னா கழட்டி எடுத்துட்டுப் போயிடுங்க" என்று பொறியாளர் முதல் நாளே சொல்லிவிட்டார்.

பைக் மீட்டர்

விக்கிரமங்கலம் பக்கம் முதல் பழுது. ஆறு கிலோமீட்டர் என்றது திரை. எனக்குத் தலைகால் புரியவில்லை. லைன்மேன் செல்வராசு அண்ணன் எப்போதும் பைக் மீட்டரைப் பார்த்துத்தான் தூரம் அளப்பார். நானும் பின்னால் ஏறிக்கொண்டேன். ஆறாவது கிலோமீட்டரில் ஒரு டீக்கடைதான் இருந்தது. ரோடு வளைந்து வளைந்து வர, கம்பி வயல் நடுவே நேராகப் போயிருந்தது! இது என் மண்டைக்கு அங்கே நின்றபோதுதான் உறைத்தது.

டீக்கடைக்காரர் சொன்னார்: "இது வேற லைனும்மா, இங்க கரண்ட் இருக்குது. ஃபேனுக்குக் கீழ உக்காந்து டீ குடிச்சுட்டுப் போங்க."

துபாய் போன்

அன்று முதல் வயல் வயலாக நடந்து, ஒவ்வொரு கம்பத்தின் இடத்தையும் போனில் குறித்து மென்பொருளில் ஏற்றினேன். கால் வீங்கியது, உற்சாகம் குறையவில்லை. நடுவில் லப்பைக்குடிக்காட்டில் கரண்ட் போனது. சப்ஸ்டேஷனிலிருந்து தகவல் அனுப்பும் மோடத்துக்கு சிக்னல் இல்லை. திரை தேமே என்று இருந்தது. ஆபீஸ் போன் அடித்தது. துபாயிலிருந்து ஒரு பாய்.

"ஏம்மா, எங்க வூட்டுல கரண்ட் போன சேதி துபாய்க்கே வந்துடுச்சு. உங்க கம்ப்யூட்டருக்கு இன்னும் வரலியா?"

பீங்கான்

மாதக் கடைசி. கங்கைகொண்ட சோழபுரம் பக்கம் மழை விட்டதும் லைன் போனது. இந்தத் தடவை திரையில் கம்பத்தின் எண்ணே வந்தது. முந்திரித் தோப்புக்குள் ஓடினோம். கீழிருந்து பார்த்தால் ஒரு குறையும் தெரியவில்லை. போச்சு, மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று நினைத்தேன். லைனில் மறுபடி கரண்ட் விட வேண்டாம் என்று சப்ஸ்டேஷனுக்குச் சொல்லிவிட்டு அண்ணன் மேலே ஏறினார். கம்பியைத் தாங்கும் பீங்கானைத் துடைத்துப் பார்த்தார். மயிரிழை போல ஒரு விரிசல். தோப்பென்றும் பார்க்காமல் குதித்தேன்.

பொறியாளருக்குப் போன் போட்டு "இது இங்கயே இருக்கட்டுங்க" என்று சொன்னவரும் அண்ணன்தான். பிறகு சட்டையைப் பிழிந்துகொண்டே என்னிடம் சொன்னார்: "அப்படியே கம்பம் ஏறவும் அதுக்குச் சொல்லிக் குடுத்துடும்மா."

கரண்ட் எங்கே போனது என்று சொல்ல ஆள் வந்தாயிற்று. எப்போது வரும் என்று கேட்கிறவர்களுக்கு மட்டும் இன்னும் நான்தான் போனை எடுக்கிறேன்.