தேவகி அக்கா ஏறாமல் விட்ட படிகள்

செவ்வாய்க்கிழமை காலை. செனாய் சந்தையில் பயற்றங்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. தேவகி அக்காவின் மகள் கவிதா.

"ஆன்ட்டி, அம்மா போயிட்டாங்க. முகம் தொடச்சி விடலாம்னு போனேன். எத்தனை மணிக்குன்னு கூட தெரியல."

"சரிம்மா" என்றேன். அரைக் கிலோவா ஒரு கிலோவா என்று கடைக்காரச் சீன அம்மாள் மலாயில் மூன்று முறை கேட்டுவிட்டார். ஒரு கிலோ என்றேன். எங்கள் வீட்டில் இரண்டு பேர்தான். அந்தக் காய் அப்படியே வாடிப்போனது.

செனாய் தொழிற்சாலையில் அவரோடு வேலை பார்த்தவர்களும், ஞாயிற்றுக்கிழமைகளில் எப்போதாவது எங்களோடு நடக்க வந்தவர்களும் இதை வாசிப்பீர்கள். உங்களுக்கு அவரை நான் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தேவகி அக்கா பத்து பகாட் என்கிற ஊரிலிருந்து இருபது வயதில் வேலைக்கு வந்தவர். மின்னணுப் பாகங்கள் செய்யும் இடத்தில் தர ஆய்வு அவருடைய வேலை. தூசு புகாத அறையில், கண்கள் மட்டும் தெரியும் வெள்ளை உடுப்போடு, உருப்பெருக்கிக்கு முன்னால் உட்கார்ந்து குறை கண்டுபிடிக்க வேண்டும். பக்கத்து நாற்காலியில் நான் பத்தொன்பது ஆண்டுகள் இருந்தேன்.

அந்த அறைக்குச் சன்னல் கிடையாது. ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் அவர் கேட்டார்: "மணி, நேத்து மழை பேஞ்சுச்சா?" எனக்குத் தெரியவில்லை. எதிரில் இருந்த எங்கள் மலாய்த் தோழி ரோஸ்னாவுக்கும் தெரியவில்லை. "மூணு பேரு இருக்கோம், ஒருத்திக்கும் தெரியலயே. இது சரியில்ல லா" என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமையே எங்கள் இருவரையும் ஜொகூர் பாருவுக்கு அழைத்துக்கொண்டு போனார்.

நகரப் பூங்காவின் பின்பக்கம் ஒரு குன்று இருக்கிறது. கார் நிறுத்துமிடத்திலிருந்து மரங்களுக்கு நடுவே தார்ப்பாதை வளைந்து வளைந்து ஏறும். பாதை முடிகிற இடத்தில் முப்பத்தெட்டுப் படிகள். அவற்றுக்கு மேலே, குன்றின் சரிவைத் தட்டுத் தட்டாக வெட்டி ஒரு தோட்டம் போட்டிருக்கிறார்கள். இட்லிப்பூவும் காகிதப்பூவும் வரிசையாக நிற்கும். கூரை போட்ட மேசைகள் இருக்கும். வானம் தெளிவாக இருந்தால் நீரிணையின் ஒரு கீற்றும் அதற்கப்பால் சிங்கப்பூர்க் கட்டடங்களும் தெரியும். மெதுவாக நடந்தாலும் இருபது நிமிடம்தான். மலையேற்றம் என்று சொன்னால் சிரிப்பார்கள். எங்களுக்கு அது மலைதான். மாதத்தின் முதல் ஞாயிறு தவறாமல் ஏறினோம். ரோஸ்னா நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலம் கொண்டுவருவாள், நான் கிழங்கு அடைத்துப் பொரித்த கறிபாப், அக்கா சுடச்சுடத் தேநீர். அப்படி ஒன்பது ஆண்டுகள்.

வெளியே வந்தும் அக்காவின் கண் ஆய்வை நிறுத்தாது. ஒருமுறை மேலே ஒரு கல் பெஞ்சின் காலில் மயிரிழை விரிசலைப் பார்த்துவிட்டார். கறிபாப் பெட்டியின் அட்டையைக் கிழித்து, உதட்டுச் சாயத்தால் தமிழிலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் 'உட்காராதீர்கள்' என்று எழுதி வைத்தார். வருகிறவர்களிடம் விரிசலைக் காட்டி விளக்கம் வேறு. சிலர் முறைத்தார்கள். அந்தப் பெஞ்சு இன்றுவரை விழவில்லை. நாங்கள் கேலி செய்தால், "விழாததுனால நான் பார்த்தது தப்புன்னு ஆயிடாது" என்பார். அந்தக் குரலை நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், அதே படிகளில், அவருடைய இடது கால் செருப்பு மூன்று முறை கழன்றது. செருப்பு பழசாகிவிட்டது என்றார். அடுத்த மாதம் புதிய காலணியில் வந்தார். அதிலும் தடுக்கினார். அதற்கடுத்த மாதம் தேநீர்க் குடுவையின் மூடியைத் திறக்க முடியாமல், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, அதை ரோஸ்னா பக்கம் நகர்த்தி வைத்தார். நான் பார்த்தேன். மணல் துகள் அளவுப் பாகத்தை இடுக்கியால் எடுத்து வைத்த கை அது. நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது என்று பின்னால் டாக்டர்கள் சொன்னார்கள். இருந்தும் கேட்டிருக்கலாம்.

அவர் எங்களிடம் சொன்னதும் மேலேதான். சாப்பிட்டு முடித்து, பொட்டல இலைகளைச் சேர்த்துப் பையில் போட்ட பிறகு சொன்னார்.

"டாக்டரு சொல்லிட்டாங்க. நரம்பு வியாதியாம். சதை ஒண்ணொண்ணா வேலய நிறுத்திக்குமாம். காலு, கையி, அப்புறம் பேச்சு, அப்புறம் மூச்சு. மருந்து கிடையாது."

ரோஸ்னா அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் அழாமல் பேசிக்கொண்டே போனேன். சிங்கப்பூரில் காட்டலாம், கோலாலம்பூரில் பெரிய டாக்டர் இருக்கிறார், கெலாங் பாத்தாவில் ஒரு வைத்தியர் எண்ணெய் கொடுக்கிறாராம். அக்கா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "எல்லாம் பாத்தாச்சு மணி" என்றார். அன்று படி இறங்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டார். அவர் தன் காலால் அந்தப் படிகளில் நடந்த கடைசி நாள் அது.

ஆனாலும் கெலாங் பாத்தாவுக்குப் போய் அந்த எண்ணெயை வாங்கி வந்தேன். வாரம் இரண்டு நாள் அவர் கால்களில் தேய்த்தேன். கோயிலிலிருந்து கயிறு கொண்டுவந்து கட்டினேன். யாரோ அனுப்பிய காணொளியைப் பார்த்து ஏதோ ஒரு கீரையை அரைத்துக் கொடுத்தேன். முகம் சுளிக்காமல் குடித்தார். கால்கள் மெலிந்துகொண்டே போயின. ஒருநாள் எண்ணெய்க் கையோடு நான் உட்கார்ந்திருந்தபோது சொன்னார்: "தேச்சா உனக்கு மனசு நல்லா இருக்குன்னா தேயி. எனக்காகன்னு நெனச்சுக்காத." அவருக்குக் கோபம் இல்லை. எனக்குத்தான் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

சென்ற ஆண்டு இறுதியில் மேலே ஒருமுறை போக வேண்டும் என்றார். அப்போது சக்கர நாற்காலிக்கு வந்துவிட்டிருந்தார். பேச்சு குழைந்திருந்தது, பழகிய எங்களுக்குத்தான் புரியும். கவிதா சிங்கப்பூரில் வேலை செய்கிறாள். அவளுக்கு விடுப்பு கிடைத்த ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலு பேரும் போனோம். தார்ப்பாதையில் நாற்காலியைத் தள்ளுவது கடினமாக இல்லை. படிகளின் அடியில் நின்றோம். நானும் ரோஸ்னாவும் பக்கத்துக்கு ஒருவராகப் பிடித்தோம். கவிதா பின்னால்.

ஒன்பது படி ஏறினோம். பத்தாவதில் என் முழங்கால் மடங்கியது. நாற்காலி என் பக்கம் சாய்ந்தது. முன்பென்றால் அக்கா கைப்பிடியைப் பற்றியிருப்பார். அவர் கைகள் மடியிலேயே கிடந்தன. ரோஸ்னா தன் உடம்பைக் கொடுத்துத் தாங்கினாள். அக்காவின் முழங்கை படியில் உரசித் தோல் உரிந்தது. நடைப்பயிற்சிக்கு வந்த சீனத் தம்பதியர் ஓடிவந்து, தாங்களும் தூக்குவதாகச் சொன்னார்கள். அக்கா தலையை அசைத்தார்.

"எறக்குங்க" என்றார்.

"மெதுவா போலாம்கா, இன்னும் கொஞ்சம்தான்" என்றேன்.

"மணி. எறக்கு."

இறக்கினோம். ரோஸ்னா அவர் முழங்கையைத் துடைத்துக்கொண்டே, "தாப்பா, காக், தாப்பா" என்று மலாயில் சொல்லிக்கொண்டிருந்தாள். பரவாயில்லை அக்கா, பரவாயில்லை. எது பரவாயில்லை என்று எங்கள் யாருக்கும் தெரியாது. படிகளுக்குக் கீழே, குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில், பாய் விரித்து உட்கார்ந்தோம். கறிபாப்பை அவரால் விழுங்க முடியாது. கவிதா கஞ்சியைக் கரண்டியால் ஊட்டினாள். நாங்களும் சாப்பிடாமல் மூடி வைத்தோம். அதற்கு அக்கா திட்டினார். அதனால் சாப்பிட்டோம்.

பிறகு என்னைப் பார்த்து, "நீ மேல போயிட்டு வா. படம் எடுத்துட்டு வா" என்றார். வேண்டாம் என்றேன். மறுபடியும் சொன்னார். போனேன்.

எங்கள் மேசையில் ஒரு குடும்பம் பிறந்தநாள் கேக்கை வெட்டிக்கொண்டிருந்தது. தள்ளி நின்று பூக்களை நாலைந்து படம் எடுத்தேன். அத்தோடு வேலை முடிந்துவிட்டது. ஆனால் நான் இறங்கவில்லை. காற்று வந்தது. யாருக்கும் வாய் துடைக்க வேண்டியதில்லை, யாருடைய குழறலையும் உற்றுக் கேட்க வேண்டியதில்லை. பத்து நிமிடமாவது அங்கே நின்றிருப்பேன். அவரோடு இல்லாத அந்தப் பத்து நிமிடம் எனக்கு நிம்மதியாக இருந்தது. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

இறங்கி வந்து படங்களைக் காட்டினேன். அவர் படங்களைச் சரியாகப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார்.

"நல்லா இருந்துச்சா?"

என்னால் பொய் சொல்ல முடியவில்லை. "நல்லா இருந்துச்சுக்கா."

"அதுக்குத்தான் அனுப்பினேன்" என்றார்.

காருக்குத் திரும்பும்போது நாற்காலியை நான்தான் தள்ளினேன். பின்னால் நின்று தள்ளியதால் அவருக்கு என் முகம் தெரியாது என்பது ஒன்றுதான் ஆறுதல்.

இந்த ஆண்டு பேச்சு முற்றிலும் நின்றுவிட்டது. மருத்துவமனையில் ஓர் எழுத்துப் பலகை கொடுத்தார்கள். அதிலிருந்த ஆங்கில எழுத்துகளால் தமிழ்ச் சொற்களை எழுத்துக்கூட்டுவோம். நான் ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துச் சொல்லிக்கொண்டே வர வேண்டும். வேண்டிய எழுத்து வந்ததும் அவர் கண்ணை மூடித் திறப்பார். 'மின்விசிறி' என்று சொல்ல எங்களுக்குக் கால் மணி நேரம் ஆகும். அதற்குள் அவருக்கு வியர்த்திருக்கும். நான் தப்பான எழுத்தில் நின்றால் பொறுமையாகக் காத்திருப்பார். குறை கண்டால் ஒரு நொடி பொறுக்காத மனிதர் அவர். அந்தப் பொறுமையைத்தான் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. வாரம் இரண்டு நாள் போனவள் ஒரு நாளாக்கிக்கொண்டேன். முழங்கால் வலி என்று காரணம் சொன்னேன்.

இறப்பதற்கு ஐந்து நாள் முன்பு போனபோது, பலகையை எடு என்று கண்ணால் காட்டினார். எழுத்துகளைச் சொல்லத் தொடங்கினேன். எஸ் வந்தபோது கண்ணை மூடித் திறந்தார். மறுபடி முதலிலிருந்து. யூவில் மூடித் திறந்தார். 'சு' என்றேன். ஆமாம் என்பதுபோல் பார்த்தார். மூன்றாவது எழுத்துக்காகச் சொல்லிக்கொண்டு போனேன். பாதியில் கண்கள் மூடின, திறக்கவில்லை. தூங்கிவிட்டிருந்தார். எழுப்ப மனம் வரவில்லை. நாளைக்கு வந்து மீதியைக் கேட்கலாம் என்று கிளம்பினேன். மறுநாள் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை.

தகனம் முடிந்து வீட்டுக்கு வந்தபோது கவிதா அலமாரியைத் திறந்து, "அம்மா ஞாபகமா ஏதாச்சும் எடுத்துக்குங்க ஆன்ட்டி" என்றாள். ரோஸ்னா ஒரு கழுத்துக்குட்டையை எடுத்துக்கொண்டாள். நான் ஒன்றும் எடுக்கவில்லை. கடைசியாக அவர் சொல்ல வந்ததைக் கவிதாவிடம் சொன்னேன். அவள் யோசித்துப் பார்த்தாள். "சுடுதுன்னு சொல்ல வந்தாங்களோ? இல்ல சும்மாதான் ஏதாச்சுமா?" என்றாள். சுகமா என்று என்னைக் கேட்க வந்தாரோ என்று எனக்கு ஒரு நினைப்பு. சுடுது, ஃபேனைக் கூட்டு என்று சொல்லத் தொடங்கியதாகவும் இருக்கலாம். நான் மறுநாள் போயிருந்தால் தெரிந்திருக்கும்.

தேவகி அக்காவிடமிருந்து என்னிடம் இருப்பது அந்த இரண்டு எழுத்துதான். காலையில் எழுந்ததும் அதற்குப் பின்னால் ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லிப் பார்க்கிறேன். எந்த எழுத்தில் நிற்க வேண்டும் என்று காட்ட ஆள் இல்லை.