மூன்று நர்ஸும் ஒரு போர்டும்

வீட்டுக்கே போய் நர்ஸிங் பார்க்கிற தொழிலில் நோயாளியைச் சமாளிக்கப் படிப்பு இருக்கிறது. நோயாளியின் சொந்தக்காரர்களைச் சமாளிக்கத்தான் இன்னும் யாரும் பாடம் எழுதவில்லை. எழுபதுகளின் கடைசியில் நானும் என்னோடு படித்த ஸ்டெல்லாவும் திருச்சி புத்தூரில் அந்தத் தொழிலைத் துணிந்து ஆரம்பித்தோம். நின்று நின்றே கால் வீங்கிய நர்ஸ் அக்கா தங்கைகளே, இதில் பாதி உங்களுக்கும் நடந்திருக்கும். மீதியை நம்பித்தான் ஆகவேண்டும்.

தொழில் கற்ற விதம்

நர்ஸிங் கடைசி வருஷத்தில் எங்களுக்குச் சுயதொழில் பயிற்சி என்று ஒரு வாரம் வைத்தார்கள். வகுப்பெடுக்க வந்தவர் நல்ல மனுஷர். மெழுகுவர்த்தி, அப்பளம், சோப்புத்தூள் எல்லாம் தன் கையாலேயே செய்து காட்டினார். சோப்புத்தூள் செய்த அன்று நாங்கள் தும்மிக்கொண்டே வார்டுக்குப் போக, நோயாளிகள் எங்களுக்கு ஆறுதல் சொன்னார்கள்.

கடைசி நாள் எலுமிச்சை ஊறுகாய். ஸ்டெல்லா எழுந்து நின்றாள். பாலக்கரைப் பெண், மனசில் பட்டதைக் கேட்டுவிடுவாள். "சார், இத்தனை வருஷமா ஊசி போடவும் புண்ணுக்குக் கட்டுக் கட்டவும் கத்துக்கிட்டிருக்கோம். அதை வச்சு ஏதாவது தொழில் சொல்லுங்களேன்" என்றாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி உண்மையாகவே யோசித்தார். பிறகு முகமெல்லாம் மலரச் சொன்னார்: "ஏம்மா, நீங்க போட்டா ஊறுகாய் எவ்வளவு சுத்தமா இருக்கும்!"

சர்வீஸ்

படித்து முடித்து இரண்டு பேரும் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தோம். வார்டு நிறைய கட்டில். நர்ஸ் நாங்கள் இரண்டே பேர். ஒருத்தருக்குத் தலையணையைச் சரி செய்வதற்குள் நாலு பேர் கூப்பிடுவார்கள். ஒரே ஒரு நோயாளியையாவது முழுசாகப் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசையில்தான் வேலையை விட்டோம்.

புத்தூரில் ஒரு சின்ன முன்னறை கிடைத்தது. பெயிண்டரை வைத்து 'நர்ஸிங் சர்வீஸ்' என்று போர்டு எழுதி மாட்டினோம். அதற்கு முன்னால் அந்த இடத்தில் ஸ்கூட்டர் மெக்கானிக் கடை இருந்தது என்பதை வீட்டுக்காரர் எங்களிடம் சொல்லவில்லை. முதல் வாடிக்கையாளர் ஒரு லாம்பிரட்டாவைத் தள்ளிக்கொண்டு வந்து ஸ்டாண்டு போட்டார். கார்புரேட்டரில் ஏதோ அடைப்பாம். இங்கே மனுஷர்களுக்கு மட்டும்தான் சர்வீஸ் என்று விளக்கினேன். போர்டை மறுபடி படித்தார், எங்களைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். "அப்ப வண்டி கிடக்கட்டும். என் மாமியாருக்குக் கால்ல சக்கரைப் புண்ணு, வந்து பாக்கறீங்களா?"

வார விடுமுறை

ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதியில் ஒரு மாமா. ஆப்பரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்திருந்தார். தினமும் காயத்தைத் துடைத்து மருந்து வைக்கவேண்டும். ஸ்டெல்லா போனாள். வாசலிலேயே மாமி அவளை நிறுத்திவிட்டார்.

"நோக்கு என்ன பேரு?"

"ஸ்டெல்லா, மாமி."

மாமி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "மாமிசம் சாப்பிடுவியோ?"

பொய் சொல்ல ஸ்டெல்லாவுக்கு வரவில்லை. "சாப்பிடுவேன் மாமி. ஞாயித்துக்கிழமை மட்டும்."

போச்சு, திருப்பி அனுப்பப் போகிறார்கள் என்று நினைத்தாளாம். உள்ளேயிருந்து மாமா முனகும் சத்தம் கேட்டது. மாமிக்கும் கேட்டது. அவர் சட்டென்று நகர்ந்து வழி விட்டார். நாங்கள் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் எத்தனையோ தடவை கேட்டும் கிடைக்காத வார விடுமுறையை அவரே ஒரு நொடியில் கொடுத்துவிட்டார். ஸ்டெல்லாவும் பல வருஷமாக விட்டுப்போன ஞாயிறு சர்ச் பூசைக்குத் தவறாமல் போக ஆரம்பித்தாள். மாமி சொன்னது இதுதான்: "ஞாத்திக்கெழமை வரவேண்டாம். திங்கக்கெழமை கார்த்தால தலைக்கு ஸ்நானம் பண்ணிட்டு நேரே வந்துடு, பெருமாள் கேட்டா நான் சொல்லிக்கறேன்."

ஒன்றுக்கு ஒன்று

வேலை பெருகியதும் ரஹ்மத் என்ற நர்ஸைச் சேர்த்துக்கொண்டோம். பொறுமைசாலி. அவளை மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு ஜவுளிக்கடைக்காரர் வீட்டுக்கு அனுப்பினேன். அவருடைய அப்பாவுக்குப் பக்கவாதம். தானாகப் புரண்டு படுக்க முடியாது.

சில நாளில் ரஹ்மத் கண் கலங்கி வந்தாள். முதலில் கடைக்காரரின் சித்தப்பாவுக்குப் பிரஷர் பார்க்கச் சொன்னார்களாம். அப்புறம் பக்கத்து வீட்டு அத்தை. இப்போது காலையில் அவள் போகும்போதே சந்துக்காரர்கள் வரிசையில் நிற்கிறார்களாம். "அவங்களை முடிச்சுட்டு வரதுக்குள்ள பெரியவரைத் திருப்பிப் போட முடியலை அக்கா."

நானே போனேன். கடைக்காரர் அசரவில்லை. "பெரிய ஆஸ்பத்திரியில ஒரு நர்ஸு ஒரு வார்டையே பாக்குது. இங்க ஒருத்தருக்கு ஒருத்தின்னா வீணா இல்லீங்களா?" அவரைக் கூட்டிக்கொண்டுபோய், பெரியவரை மெதுவாக ஒருக்களித்து, இடுப்புக்குக் கீழே சிவந்து தோல் உரியத் தொடங்கிய இடத்தைக் காட்டினேன். பெரியவரால் பேச முடியாது. மகனைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மகனுக்குத்தான் முகம் வெளிறிப்போனது. அப்புறம் வாசலுக்குப் போய் வரிசையில் நின்றவர்களைப் பார்த்துக் கும்பிட்டார்: "எல்லாரும் வீட்டுக்குப் போங்க, எங்கப்பாவுக்கு மட்டும்தான் நர்ஸு!"

அந்தப் புண் ஆறிவிட்டது. ரஹ்மத்தும் சமாதானமாகிவிட்டாள்.

ஆள் தேடி

எண்பதுகளில் எல்லா வீட்டுக்கும் நர்ஸ் வேண்டும். நர்ஸுகளுக்கு வளைகுடா வேண்டும். ரஹ்மத்துக்கும் விசா வந்து, மாலை போட்டு அனுப்பினோம். ஆள் பிடிக்க ஒரு நர்ஸிங் ஸ்கூலுக்குப் போய், கடைசி வருஷப் பெண்களிடம் சொந்தத் தொழிலின் பெருமைகளைத் தொண்டை வறளப் பேசினேன். நீங்களே முதலாளி, ஒரு நோயாளியை நிதானமாகப் பார்க்கலாம், குணமாவதைக் கண்ணால் காணலாம் என்றேன். எல்லோரும் அசையாமல் கேட்டார்கள். எனக்கே புல்லரித்தது. கேள்வி உண்டா என்றதும் முதல் வரிசைப் பெண் கை தூக்கினாள்: "அக்கா, உங்களுக்குக் குவைத்துல பிராஞ்ச் இருக்குங்களா?"

பொன்மலைக்காரர்

ஆள் இல்லாததால் பொன்மலைக்கு நானே போகவேண்டி வந்தது. ரயில் ஓட்டி ரிடையரான பெரியவர். மனைவி இல்லை, மகன் பம்பாயில். தொடை எலும்பு முறிந்து பிளேட் வைத்திருந்தார்கள். வாக்கரைப் பிடித்து நடக்கலாம் என்று டாக்டர் சொல்லியும் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டார். விழுந்துவிடுவோம் என்ற பயம். பயத்தை ஒப்புக்கொள்ளவும் மாட்டார். அதற்குப் பதிலாக என்னைத் திட்டுவார். இப்படியே உட்கார்ந்திருந்தால் கால் விறைத்துப்போய் நிரந்தரமாக நாற்காலிதான்.

ஒருநாள் நான் வற்புறுத்தவும், "வெளியே போடி!" என்று கத்தினார். எனக்கும் கோபம் வந்தது. பையை எடுத்துக்கொண்டு கேட் வரைக்கும் போனேன். அங்கே நின்று, "கேட் கொக்கி இறுகியிருக்கு சார், திறந்து விடுங்க" என்றேன். உள்ளேயிருந்து வசவு வந்தது. நான் நகரவில்லை. வாக்கர் தரையில் இடிக்கும் சத்தம் கேட்டது. திட்டிக்கொண்டே வந்தார். பக்கத்தில் போனால் திரும்பிவிடுவார். போகாமல் விழுந்துவிட்டால் பம்பாய் மகனுக்கு என்ன பதில் சொல்வேன்? வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தவர், கொக்கியை ஒரு விரலால் தள்ளினார். அது சுலபமாகத் திறந்தது. கொக்கியைப் பார்த்தார், தான் நடந்து வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது. "நாளைக்கு எத்தனை மணிக்கு வருவே? கேட்டைத் திறக்க நான் வரணும்ல."

நன்றாகச் செய்யச் செய்ய வாடிக்கையாளர் குணமாகி நம்மை வேண்டாமென்று நிறுத்திவிடுகிற இப்படியொரு வியாபாரத்தை எந்தப் பயிற்சியிலும் சிபாரிசு செய்யமாட்டார்கள் என்றாலும், நாங்கள் அதை ரொம்ப நன்றாகவே செய்தோம்.