அலுமாரியில் இருந்த செவ்வாய்க் கல்

புசல்லாவையில் கலவரக்காரர்கள் எங்கள் வீட்டுக்குத் தீ வைத்தபோது அப்பா, அம்மா, நான் இருந்தோம். தங்கச்சி கண்டியில் மாமா வீட்டில் இருந்தாள். பின்கதவால் ஓடித் தேயிலைக்குள் பதுங்கினோம்.

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் நான் செவ்வாயிலிருந்து விழுந்த விண்கற்களைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். அவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்க ஆற்றங்கரைக் கருங்கல் ஒன்றை அலுமாரியில் வைத்திருந்தேன். அதையே செவ்வாய்க் கல் என்று அப்பா ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். எனக்கும் பெருமையாக இருந்ததால் திருத்தவில்லை.

“அடேய், ஒங் கல்லு உள்ள கெடக்குடா!” என்று அப்பா எழுந்தார்.

“போகாதீங்கப்பா, அது நம்ம ஆத்துக் கல்லு!”

“பயத்துல ஒளர்றான்,” என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு ஓடினார்.

கல்லோடு அவர் வெளியே வந்தபோது வாசலில் நின்றவன் கத்தியை வீசினான்.

வீடு போனது. அப்பாவின் வலது கையில் நான்கு விரல்கள் போயின.