இரண்டு கைகளிலும் நாடி

அப்பாவுக்கு வலி முதலில் நெஞ்சில் வந்தது. பல் துலக்கி முகம் துடைத்துக்கொண்டிருந்தவர் துண்டோடு அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் வலி முதுகுக்குப் போனது. பிறகு வயிற்றுக்கு இறங்கியது. இடம் மாறியதால்தான் எங்கள் வீட்டில் யாரும் பயப்படவில்லை. ஹார்ட் அட்டாக் என்றால் ஒரே இடத்தில் நிற்கும், ஓடுவது வாயு. வலியசாலையில் எங்கள் வீட்டின் மொத்த மருத்துவ அறிவும் இவ்வளவுதான்.

அம்மா மோரில் பெருங்காயத்தைக் கலக்கினாள். நான் அப்போது பி.டெக். மூன்றாம் வருஷம், எல்லாம் தெரிந்த வயசு.

"நேத்து மரச்சீனிக் கிழங்கு தின்னீங்கல்லா, அதாம்ப்பா" என்றேன்.

"வாயு இல்ல மக்ளே. உள்ள யாரோ வேட்டியக் கிழிக்கது மாரி இருக்கு."

அப்பா சாலைக் கடைவீதியில் ஒரு ஜவுளிக் கடையில் ஆயுள் முழுக்கக் கணக்கெழுதியவர். வேட்டி கிழிவது எப்படி என்று அவருக்குத் தெரியும். சட்டை முழுக்க வியர்த்து, உதடு வெளுத்ததும்தான் ஆட்டோ பிடித்தோம்.

காஷுவாலிட்டியில் ஒரு சின்ன வயசு டாக்டர் இடது கையில் பிரஷர் பார்த்தார். முகம் மாறியது. வலது கையில் பார்த்தார். ஒரு கைக்கும் இன்னொரு கைக்கும் சம்பந்தமே இல்லை. அதன்பிறகு எல்லோரும் ஓட ஆரம்பித்தார்கள். இ.சி.ஜி., எக்கோ, சி.டி. ஸ்கேன். கடைசியில் அறுவை சிகிச்சை டாக்டர் வராந்தாவுக்கு வந்து, தன் மலையாளத்தை எங்களுக்காகத் தமிழாக்கிச் சொன்னார்.

"மோளே, இது அட்டாக் அல்ல. ஹார்ட்டிலிருந்து புறப்படுற பெரிய குழல் கிழிஞ்சிருக்கு. நீங்க வாயு ஓடுதுன்னு சொன்னீங்கல்லே, ஓடினது கிழிசலாக்கும்."

மகாதமனிப் பிளவு என்று பெயர் (இதயத்திலிருந்து ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாயின் உள்சுவர் கிழிந்து, ரத்தம் சுவருக்குள்ளேயே புகுந்து பிளந்துகொண்டு போவது). ஆபரேஷன் இல்லையென்றால் எந்த நேரமும் வெடிக்கலாம். ஆபரேஷன் என்றால், எழுபத்திரண்டு வயதில், மேஜையிலேயே போகலாம், பக்கவாதம் வரலாம், சிறுநீரகம் நிற்கலாம். "ரெண்டும் சொல்லியாச்சு. முடிவு நீங்கதான் எடுக்கணும். ஆனா வேகம் வேணும்" என்றார்.

நாகர்கோவிலில் இருந்த சித்தப்பாவுக்குப் போன் போட்டேன். "இந்த வயசுல நெஞ்சப் பொளந்து எதுக்கு மக்ளே? வீட்டுக்குக் கொண்டு வாங்க. அண்ணன் நிம்மதியாப் போட்டும்" என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் அழுதார். அவர் சொன்னதும் அன்புதான். இப்படி ஒரு வராந்தாவில் நிற்க நேர்ந்தால், இதைப் படிக்கிற உங்களுக்கும் யாராவது இதைச் சொல்வார்கள். கோபப்படாதீர்கள்.

அம்மா டாக்டரிடம் ஒரு கேள்வி கேட்டாள்.

"நெஞ்சுல கிழிஞ்சது கையில எப்படித் தெரியும்?"

அவர் அம்மாவை உள்ளே கூட்டிப்போய், அவள் விரல்களை எடுத்து அப்பாவின் இரண்டு மணிக்கட்டுகளிலும் வைத்தார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். என் அம்மா அப்பாவின் பெயரைச் சொன்னதில்லை. "கேட்டேளா" என்பதுதான் அவள் அப்பாவைக் கூப்பிடும் பெயர். கிழக்கேகோட்டையில் பஸ் ஏறி ஒரே சீட்டில் உட்கார்ந்தாலும் இருவருக்கும் நடுவில் ஒரு துணிப்பை உட்கார்ந்திருக்கும். இவர்கள் தொட்டுக்கொண்டு நான் பார்த்ததே இல்லை. அப்பாவின் ஐம்பது வயசுக்கு மேல் நான் எப்படிப் பிறந்தேன் என்று தோழிகளிடம் கிண்டலடித்திருக்கிறேன்.

அம்மா ஒருமுறை என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள்.

"இதுல அடிக்கி. இதுல ஒண்ணுமே இல்லியே."

அப்பா கண்ணைத் திறந்தார். "விடு. பிள்ள நிக்கால்லா."

அம்மா விடவில்லை. நாடி இல்லாத அந்த இடது கையைப் பிடித்தபடியே சொன்னாள்: "பண்ணுங்க டாக்டர். இதுலயும் வரணும்."

ஆபரேஷன் எப்படி நடந்தது என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரியும். உடம்பைக் குளிரவைத்து, இதயத்தை நிறுத்தி, கொஞ்ச நேரம் ரத்த ஓட்டத்தையும் நிறுத்திவிட்டு, கிழிந்த பகுதியை வெட்டி, துணியில் நெய்த குழாய் ஒன்றைத் தைக்கிறார்கள். அந்தக் கொஞ்ச நேரம் அப்பா எங்கே இருந்தார் என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். நாங்கள் வராந்தாவில் இருந்தோம். அம்மா தன் மணிக்கட்டைத் தானே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பிழைத்தார். ஆனால் வெண்டிலேட்டரை (செயற்கைச் சுவாசக் கருவி) எடுத்த பிறகு வந்தவர் எங்கள் அப்பா இல்லை. ஐ.சி.யூ. அவருக்கு நாகர்கோவில் பஸ். நர்ஸ் கண்டக்டர்.

"நெய்யாற்றின்கரை வந்தாச்சா?"

"இல்ல அச்சா, டிராஃபிக்" என்றார் மலையாளி நர்ஸ், சிரிக்காமல்.

மறுநாள் பாறசாலை வந்தாச்சா என்று கேட்டார். அதற்கு மறுநாள் களியக்காவிளை. நான் வெளியே வந்து அழுதேன். ஆளைத் திருப்பித் தந்துவிட்டு மூளையை வைத்துக்கொண்டார்கள் என்று நினைத்தேன். வயதானவர்களுக்கு இப்படிக் குழப்பம் வருவது சகஜம், பெரும்பாலும் தெளிந்துவிடும் என்று டாக்டர் சொன்னதை நான் நம்பவில்லை. நீங்கள் நம்புங்கள். அம்மா நம்பினாள். "தக்கலை தாண்டட்டும், நாகர்கோவில்ல இறங்கிருவாரு" என்றாள்.

இறங்கினார். ஒரு காலையில் என்னைப் பார்த்து, "காலேஜ் இல்லியா?" என்றார். நெஞ்சுக்குள் துணி இருக்கிறது என்று சொன்னதும் நேராக விஷயத்துக்கு வந்துவிட்டார்.

"என்ன துணி?"

"பாலியெஸ்டர்ப்பா."

"போச்சு. நான் ஒரு நாளும் உடுத்தது இல்ல, கேட்டியா." பிறகு, "சுருங்காதுல்லா?" என்றார்.

இதயம் நின்றிருந்த அந்த நேரத்தைப் பற்றிக் கேட்டேன். வெளிச்சம், குரல், ஏதாவது? "ஒண்ணும் இல்ல மக்ளே. தள்ளிட்டுப் போனானுவோ, பஸ்சுல ஏத்துனானுவோ. நடுவுல எவனோ ஒரு முழத்த வெட்டி எடுத்துட்டான்" என்றார்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் அம்மாவிடம் சொன்னார்: தினமும் காலையில் இரண்டு கைகளிலும் நாடி பாருங்கள், வித்தியாசம் தெரிந்தால் உடனே வாருங்கள். அன்றிலிருந்து காபி முடிந்ததும் அம்மா எதிரே உட்கார்ந்து இரண்டு மணிக்கட்டுகளையும் பிடிப்பாள். முதல் வாரம் அப்பா கூச்சத்தில் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அம்மாவைப் பார்க்க ஆரம்பித்தார்.

ஒரு வருஷம் கழித்துச் செக்கப்புக்குப் போனோம். தையல் நன்றாக இருக்கிறது, மாத்திரையையும் பிரஷரையும் கவனித்தால் போதும், இனி நாடி பார்க்க வேண்டாம், ஸ்கேனே சொல்லிவிடும் என்றார் டாக்டர். அம்மா தலையாட்டினாள்.

மறுநாள் காலை அப்பா காபி டம்ளரைக் கீழே வைத்தார். வைத்துவிட்டு, யாரும் கேட்காமலே, இரண்டு கைகளையும் நீட்டினார். அம்மா ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"டாக்டர் வேண்டாம்னாருல்லா?" என்றேன்.

"அவரு சொல்லுவாரு" என்றாள் அம்மா.

"உனக்கு நேரமாகல்லியா?" என்றார் அப்பா என்னிடம், கையை எடுக்காமல்.

அம்மா கடிகாரம் பார்ப்பதில்லை, துடிப்பை எண்ணுவதும் இல்லை. இரண்டிலும் ஓடுகிறதா என்று மட்டும் பார்க்கிறாள். அப்பாவுக்கு இப்போதெல்லாம் விடிவது அதன் பிறகுதான். அதுவரை அவர் பேப்பரைக்கூடத் தொடுவதில்லை. கையை நீட்டிக் காத்திருப்பார்.

"இருக்கு" என்பாள் அம்மா.