உப்புத் தண்ணீர் என்று சொன்னவன்

சோடியம் பெர்குளோரேட்டைப் பற்றி என் அளவுக்குத் தெரிந்தவன் நெய்வேலியிலேயே கிடையாது என்ற திமிர் எனக்கு இருந்தது. வெள்ளைப் படிகம். காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், தண்ணீரில் அபாரமாகக் கரையும். தானாக எரியாது, எரிகிற பொருளுக்கு ஆக்சிஜனை அள்ளிக் கொடுக்கும். ராக்கெட் எரிபொருளில் சேரும் உப்பை இதிலிருந்துதான் செய்கிறார்கள். எங்கள் அனல்மின் நிலைய ஆய்வகத்தில் இதற்கு அற்ப வேலைதான்: நிலக்கரிச் சாம்பலில் உள்ள பொட்டாசியத்தை வெள்ளைப் பொடியாகப் பிரித்துக் காட்டுவது. பயிற்சிக்கு வரும் பட்டதாரிகள் முன் அதைச் செய்துவிட்டு, வித்தைக்காரன்போல் நெஞ்சை நிமிர்த்துவேன்.

பெர்மனென்ட் ஆட்களுக்கு மாதாமாதம் புதுத் துடைதுணி. கான்ட்ராக்ட் ஆட்களுக்குக் கிடையாது. அவர்கள் பழந்துணியையே ஹாட் பிளேட்டின் ஓரத்தில் காயவைத்துத் திரும்பத் திரும்ப எடுத்தார்கள். தினமும் பார்த்தேன். எனக்கென்ன?

ஒருநாள் என் கை பட்டு அந்தக் கரைசல் மேசையில் கொட்டியது. துப்புரவுக்கு இருந்த கான்ட்ராக்ட் தொழிலாளி துணியோடு ஓடிவந்தார்.

"ஆசிட்டுங்களா சார்?"

"உப்புத் தண்ணிய்யா. தொடச்சிட்டுப் போ."

துடைத்தார். வழக்கம்போலத் துணியைக் காயவைத்தார். காய்ந்த துணி குப்பென்று பற்றி, எடுக்கப்போனவரின் வலக்கை வெந்தது. இரண்டு விரல்கள் இன்றும் மடங்காது.

விசாரணையில் அந்த உப்பின் குணங்களை ஒன்று விடாமல் ஒப்பித்தேன். தலையாட்டினார்கள், படித்தவன் பேச்சுக்குத் தலையாட்டுவதுதானே டவுன்ஷிப் வழக்கம். நான் சொன்ன இரண்டு வார்த்தையை மட்டும் விழுங்கிவிட்டு, 'எச்சரித்தும் கேட்கவில்லை' என்று எழுதிக் கொடுத்தேன். பெர்மனென்ட் ஆகும் பட்டியலிலிருந்து அவர் பெயர் போயிற்று. சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த குடும்பம். அந்தப் பட்டியல்தான் அவர்களுக்கு மிச்சமிருந்த நிலம்.

நான் ஓய்வு பெற்றுப் பல வருடங்கள் ஆகிவிட்டன. அவர் இன்னும் கான்ட்ராக்ட்தான். போன வாரம் குள்ளஞ்சாவடியில் அவர் வீட்டைத் தேடிப் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

"இத்தினி வருசம் என்னா பண்ணிகினு இருந்தீங்க? பென்ஷன் ஒழுங்கா வந்துகினு இருந்துச்சா?"

"வந்தது."

"எனக்கு இன்னும் ஆறு வருச சர்வீஸ் இருக்குதுங்க. பட்டியல மறுபடியும் பாக்குறாங்களாம். எழுதிக் குடுப்பீங்களா?"

வீட்டுக்கு வந்து எழுதினேன். முதல் பக்கம் முழுக்க உப்பின் குணங்கள். இந்தக் கிழவனுக்கு இன்னும் பீற்றிக்கொள்ளும் ஆசை விடவில்லை. கிழித்தேன். இரண்டாவதில் 'சூழ்நிலை காரணமாக' என்று ஆரம்பித்திருந்தேன். அதையும் கிழித்தேன். மூன்றாவது நான்கே வரி: கொட்டியது நான், உப்புத் தண்ணீர் என்றது நான், எச்சரிக்கவில்லை, விசாரணையில் பொய் எழுதினேன்.

அதை எடுத்துப் போய்க் கொடுத்தபோது நின்றபடியே படித்தார். மடித்து என் சட்டைப்பையிலேயே வைத்தார்.

"பேப்பர் பேசாதுங்க. திங்கக்கெழம ஆபீஸுக்கு நீங்களே வாங்க. எல்லாரு முன்னாடியும் வாயத் தொறந்து படிங்க. அன்னிக்கு நல்லாத்தான பேசினீங்க?"

நாளை திங்கட்கிழமை. அவர் எட்டு மணிக்கே ஆபீஸ் வாசலில் நிற்பதாகச் சொல்லியிருக்கிறார்.