ஐந்தருவியில் ஸ்னோ பூட்ஸ்

நான் நாலடி பத்தங்குலம். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கல்லூரிக் காலத்திலிருந்து ஹீல்ஸ் இல்லாமல் நான் வாசல் தாண்டியதில்லை. தென்காசியிலிருந்து ஆலங்குளம் ஆபீசுக்கு முப்பது வருஷம் பஸ்ஸில் போய் வந்ததும் ஹீல்ஸில்தான். நின்றுகொண்டு போகிற பஸ்ஸில் மேல் கம்பி எட்ட வேண்டுமே. ஓய்வு பெற்ற பிறகு காய் வாங்கப் போனாலும் அதுதான். "கத்திரிக்கா விக்கவனுக்கு ஒன் ஒசரம் எதுக்குட்டி?" என்பார் வீட்டுக்காரர். அவருக்கென்ன, ஆறடி.

மகள் கல்யாணத்தன்று சுரண்டை மண்டபத்தில், பந்தி முடிந்து கழுவிவிட்ட தரையில், மூன்றங்குல ஹீல்ஸோடு வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு எடுத்த போட்டோ எல்லாவற்றிலும் என் ஒரு கை முதுகுக்குப் பின்னால்தான் இருக்கும். நான் மறந்தாலும் மகள் மறக்கவில்லை.

அவள் கனடாவில் உண்டானாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். வேலையை விட்டுவிட்டு அவளால் வர முடியாது என்றால், தாய்வீடுதான் பெட்டி கட்டிக்கொண்டு போக வேண்டும். நான் பெட்டியை இறக்கித் துடைத்தும் வைத்துவிட்டேன். ஆனால் தேதி தை மாதம். அங்கே பனி கொட்டுகிற நேரம். வீடியோ காலில் அவள் முகத்தைச் சுளித்தாள்.

"நீ வராதம்மா. ரோடெல்லாம் ஐஸு. நீ வழுக்கி விழுந்தேன்னா நான் பிள்ளயப் பாப்பனா, ஒன்னயப் பாப்பனா?"

அவள் சொன்னது நியாயம். அதனால்தான் அவ்வளவு கோபம் வந்தது. இரண்டு நாள் அவள் கூப்பிட்டும் நான் போனை எடுக்கவில்லை. மூன்றாம் நாள் நானே கூப்பிட்டு, விழவே மாட்டேன் என்று சத்தியம் செய்தேன். சத்தியத்தை அவள் நம்பவில்லை. ஊருக்கு வந்த தோழியிடம் ஒரு ஜோடி ஸ்னோ பூட்ஸ் கொடுத்துவிட்டாள். அதைப் போட்டுக்கொண்டு வழுக்குகிற இடத்தில் விழாமல் நடந்து வீடியோ அனுப்பினால்தான் டிக்கெட்.

தோழி தந்த பெட்டியைத் திறந்தால், அடி தட்டையாக, யானைக்கால் மாதிரி ஒரு பூட்ஸ். குதியே இல்லை. "போச்சு, நீ குள்ளம்னு இனி கனடாவுக்கும் தெரிஞ்சுபோவும்" என்று வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார்.

பனிக்குத் தென்காசியில் எங்கே போவது? பாத்ரூமில் சோப்பு நுரையை ஊற்றி நடக்கலாம் என்பது அவருடைய யோசனை. எனக்கு வழுக்கல் என்றதும் குற்றாலம்தான் ஞாபகம் வந்தது. மறுநாள் காலையில் அவருடைய பைக்கில் ஐந்தருவிக்குப் போனோம். கார்த்திகை மாதம். கறுப்பு வேட்டி கட்டிய ஐயப்ப சாமிகள் வெறுங்காலோடு குளிக்கப் போய்க்கொண்டிருக்க, நான் மட்டும் சேலையை ஒரு சாண் தூக்கிச் செருகி, பூட்ஸ் போட்டு, மூன்று கிலோ அரிசியைத் துண்டில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனேன். ஆஸ்பத்திரி வாசலிலிருந்து பிள்ளையைக் கொண்டுவருவது யார்? நான்தானே. அதைத்தான் பழக வேண்டும் என்று நினைத்தேன். ஒரு சாமி என்னைப் பார்த்துக் கும்பிட்டே விட்டார். என்ன வேண்டுதல் என்று நினைத்தாரோ.

அருவிக்குப் போகிற வழியில் எண்ணெய் தேய்த்துவிடுபவர்கள் உட்காருகிற கல் தளம் ஒன்று உண்டு. எண்ணெயும் தண்ணீரும் பாசியும் சேர்ந்து ஊறிய கல். முதல் நாள் ஓரமாக நடந்து தப்பித்தேன். இரண்டாம் நாள் துணிந்து நடுவில் கால் வைத்தேன். மறுகணம் மல்லாந்து கிடந்தேன். எனக்கு அடி ஒன்றும் பெரிதில்லை. ஆனால் துண்டு அவிழ்ந்து அரிசி பூராவும் கல்லில் சிதறிக் கிடந்தது. இதுவே பிள்ளையாக இருந்திருந்தால்? மகள் சொன்னதுதான் சரி, நான் போகக் கூடாது என்று அங்கேயே உட்கார்ந்து அழுதேன். படம் பிடித்துக்கொண்டிருந்த வீட்டுக்காரர் அந்த வீடியோவை அழித்தார்.

தளத்தில் எண்ணெய்க் கிண்ணத்தோடு இருந்தவர் எழுந்து வந்தார்.

"யக்கா, ரெண்டு நாளாப் பாக்கேன். முன்னால சாஞ்சு சாஞ்சு நடக்கீய. குதி ஒசந்த செருப்புப் போட்டுப் பழகுன நட இது. இந்தக் கல்லுல அது செல்லாது. பாதம் முழுசும் ஒண்ணாப் படணும். எட்டு வச்சா சின்னதா வையுங்க. இனி மூட்டயே வேண்டாம்."

"பிள்ளையத் தூக்கணும்லா?"

"மொதல்ல நீங்க நில்லுங்க. நாங்க நாள் பூரா இந்த எண்ணெய்லதான நிக்கோம். விழுந்தா ஒரு மாசம் சோறு கெடையாது. அந்தப் பயந்தான் எங்களுக்குப் பூட்ஸு."

பிறந்ததிலிருந்தே காலோடு வந்தது போல் ஆகிவிட்ட நடையை மாற்றுவது லேசில்லை. பன்னிரண்டு நாள் போனேன். கடைசி நாள் தளத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை போய்த் திரும்பினேன். வீடியோ மகளுக்குப் போனது. மறுநாள் டிக்கெட் வந்தது.

பனியைப் பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். எனக்கு அது பெரிய அதிசயமாகப் படவில்லை. தரையைப் பார்த்தே நடக்கிறவளுக்கு எதுதான் அழகாகத் தெரியும்? பேத்தி பிறந்தாள். ஆஸ்பத்திரியில் வீட்டுக்குப் போகலாம் என்று சொன்ன அன்று, இரண்டு சேலையை மடித்து வைத்து, கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு தயாராக நின்றேன். மருமகன் பிடி வைத்த கூடை போன்ற ஓர் இருக்கையைக் கொண்டுவந்தார். அங்கே குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு காரில் போகக் கூடாதாம். அதில் படுக்கவைத்து வாரைப் பூட்டி, ஒற்றைக் கையில் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று போய்விட்டார். அரிசி மூட்டையோடு அந்த அவமானம் எல்லாம் எதற்கு? இதை யாராவது முன்னாலேயே சொல்லியிருக்கலாம். எரிச்சல் வந்தது. அதைவிடப் பெரிதாக ஓர் ஆசுவாசமும் வந்தது. அப்பாடா, பிள்ளை பத்திரமாகக் காரில் ஏறிவிட்டது. இனி நான் விழுந்தாலும் பரவாயில்லை.

அப்போதுதான் பின்னால் மகளைப் பார்த்தேன். கதவுக்கு வெளியே அடியெடுத்து வைக்காமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பாதம் வீங்கி, பூட்ஸின் ஜிப் பாதிக்கு மேல் ஏறவில்லை. தையல் வலி வேறு. முன்னால் கண்ணாடி போல் உறைந்த தரை. நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். என் கை இரண்டும் சும்மாதான் இருந்தன. தோளைக் கொடுத்தேன். என்னைவிட ஒரு சாண் உயரமானவள், மொத்தப் பாரத்தையும் என்மேல் சாய்த்தாள். பாதம் முழுதும் பதித்து, சின்னச் சின்ன எட்டாக நடந்தேன். பாதி வழியில் அவள் கால் சர்ரென்று இழுத்தது. நான் அசையவில்லை. அவள் என் தோளை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"என்னைய விட்டுராதம்மா" என்றாள்.